திரைகள் வந்துவிட்டன, தமிழில் பாடங்கள் எங்கே?

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பிலுள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் பலவற்றில் இன்று ஸ்மார்ட் போர்ட் எனப்படும் தொடுதிரைப் பலகைகளையோ, குறைந்தபட்சம் ஒரு மல்டிமீடியா புரொஜெக்டரையோ காண முடிகிறது. பழைய மாணவர் சங்கங்களும் பெற்றோரும் நலன்விரும்பிகளும் சேர்த்த பணத்தில் வந்தவை அவற்றுட் பல. கொழும்பு வடக்கில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை என்ற வகையில் அந்த உதவிகளை நான் மனநிறைவோடு வரவேற்கிறேன். ஆனால் நாடா வெட்டி விழா முடிந்த மறுநாள் முதல் அந்தத் திரையில் எதைக் காட்டுவது, அதை எப்படிப் பாடமாக்குவது என்பதைப் பற்றி வாங்கிக் கொடுத்தவர்களும் சரி, பெற்றுக்கொண்ட நிருவாகங்களும் சரி, போதிய அளவு சிந்திப்பதாகத் தெரியவில்லை. வகுப்பறையில் காணொளியைப் பயன்படுத்தும் முறை குறித்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இப்போது பரவலாக நடப்பது இதுதான். ஆசிரியர் யூடியூபில் பாடத்துக்குப் பொருத்தமான ஒரு காணொளியைத் தேடி எடுக்கிறார், அது பதினைந்து இருபது நிமிடம் ஓடுகிறது, பிள்ளைகள் அமைதியாகப் பார்க்கிறார்கள், மணி அடிக்கிறது. அந்த அமைதியைக் கவனம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த நாள் அதே பாடத்தில் ஒரு கேள்வியைக் கேட்டால், திரையில் அசைந்த படங்கள் நினைவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அவை எதைக் காட்டுவதற்காக அசைந்தன என்பது நினைவில் இருப்பதில்லை. 40 நிமிடப் பாடவேளையில் பாதியை இப்படிக் கொடுத்துவிட்டு, மீதியில் பாடத்தை முதலிலிருந்து விளக்க வேண்டிய நிலை வருகிறது. காணொளியால் பயனில்லை, கரும்பலகையே போதும் என்று மூத்த ஆசிரியர்கள் சிலர் சொல்வதற்கு இந்த அனுபவமே காரணம். அவர்களுடைய குறையில் நியாயம் இருக்கிறது. பிழை காணொளியில் இல்லை, அதை நிறுத்தாமல் ஓட விடுவதில் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

ஊடாடும் காணொளி என்று சொல்லப்படுவது இந்த இடத்தில்தான் உதவுகிறது. காணொளியின் குறிப்பிட்ட ஒரு விநாடியில் ஆசிரியர் ஒரு கேள்வியைப் பொருத்தி வைக்கலாம். அந்த இடம் வந்ததும் படம் தானாக நின்று கேள்வி திரையில் தோன்றும். விடை சொன்ன பிறகே படம் தொடரும். விடை தவறினால் அதற்கான விளக்கம் வந்த பகுதிக்கே மாணவரைத் திருப்பி அனுப்பவும் வழியுண்டு. தெரிவு வினா, இடைவெளி நிரப்புதல், பெயர்களை இழுத்து உரிய இடத்தில் வைத்தல், படத்தின் மேல் ஒரு சிறு குறிப்பை எழுதி வைத்தல் எனப் பல வகைகள் இதில் சாத்தியம். நோர்வேயில் உருவாக்கப்பட்ட எச்5பி என்ற திறந்த மூல மென்பொருள் இதற்கு நன்கு அறியப்பட்டது. உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தோடு அது இணைந்து இயங்கும். எட்பசில் என்ற இணையச் சேவையும் இதே வேலையைச் செய்கிறது. மாணவர் காணொளியைத் தாவிச் செல்லாமல் தடுக்கவும், யார் எதுவரை பார்த்தார், எந்தக் கேள்வியில் தடுமாறினார் என்று ஆசிரியருக்குக் காட்டவும் அதில் வசதி இருக்கிறது.

இடையிடையே நிறுத்திக் கேட்பது பயன் தருகிறதா என்பது ஆராய்ந்து பார்க்கப்பட்ட விடயம். 2013 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்புனர், கான், ஷக்டர் ஆகியோர் புள்ளிவிபரவியல் விரிவுரைக் காணொளி ஒன்றை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒரு குழுவினருக்கு ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சிறு சோதனை வைத்தனர். அந்தக் குழுவினரின் மனம் பாடத்தை விட்டு அலைவது குறைந்தது. அவர்கள் கூடுதலாகக் குறிப்பெழுதினர். இறுதிச் சோதனையிலும் மற்றவர்களை விடச் சிறப்பாகச் செய்தனர். அடுத்த ஆண்டில் குவோவும் அவருடைய ஆய்வுக் குழுவினரும் எடெக்ஸ் என்னும் இணையக் கல்வித் தளத்தில் பதிவான சுமார் 69 இலட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்து, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர் ஊன்றிப் பார்ப்பது பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்கு மேற்படுவதில்லை என்று கண்டனர். அதே ஆய்வில், பெரும் செலவில் கலையகத்தில் எடுக்கப்பட்ட காணொளிகளை விட, ஆசிரியர் தம் மேசையருகே இருந்து பிள்ளையோடு பேசுவது போல எளிமையாக எடுத்தவை கூடுதல் ஈடுபாட்டைப் பெறக்கூடும் என்பதும் தெரியவந்தது. எமது ஆசிரியர்கள் இந்த முடிவை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

நடைமுறையில் இது எப்படி அமையும் என்பதைச் சோடியத்தை வைத்து விளக்குகிறேன். சோடியம் உலோகத் துண்டொன்றை நீரில் இடுவது, நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நெருங்கி நின்று பார்க்கும்படி எமது ஆய்வுகூடங்களில் செய்யத்தக்க பரிசோதனை அன்று. ஆகவே அதைக் காணொளியில் காட்டுவது முற்றிலும் பொருத்தமானது. காணொளியை அப்படியே ஓட விட்டால், பிள்ளைகள் ஒரு சீறலையும் சில வேளை ஒரு தீச்சுடரையும் கண்டு ஆரவாரம் செய்வார்கள், அதோடு முடிந்துவிடும். மாறாக, எண்ணெயில் அமிழ்ந்திருந்த துண்டை இடுக்கியால் எடுத்து நீருக்கு மேலே பிடித்திருக்கும் கணத்தில் படத்தை நிறுத்தி, இது மிதக்குமா, தாழுமா என்று கேட்கலாம். உலோகம் என்றவுடன் தாழும் என்று சொல்பவர்களே வகுப்பில் கூடுதலாக இருப்பார்கள். காரணம் சொல்லும்படி அவர்களைக் கேட்டு, அடர்த்தி என்ற சொல் அவர்களுடைய வாயிலிருந்தே வரும்வரை காத்திருந்து, அதன் பிறகு படத்தை ஓட விட வேண்டும். சோடியத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 0.97 கிராம், நீரினது ஏறத்தாழ 1 கிராம்; சோடியம் நீரில் மிதந்து அங்குமிங்கும் ஓடுவதைக் காணும்போது, தான் சொன்ன விடை பொய்த்துப்போனதைப் பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்கிறது. அடுத்து, வெளியேறும் வாயு எதுவாக இருக்கும் என்று ஒரு நிறுத்தம். அதற்கடுத்து, காரத்தைக் காட்டும் பினோப்தலீன் என்ற காட்டி சேர்த்த நீர் இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கும் இடத்தில் இன்னொரு நிறுத்தம். ஐதரசன் போனபின் பாத்திரத்தில் எஞ்சுவது என்ன என்பதைப் பிள்ளைகளே எழுத வேண்டும். இரண்டு நிமிடக் காணொளிக்கு ஒரு பாடவேளையின் பெரும்பகுதி செலவாகும். அந்த நேரம் வீணாவதில்லை, ஏனெனில் அதற்குள் அடர்த்தி, இரசாயனத் தாக்கம், காரத்தன்மை மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புபட்டு நிற்கின்றன.

இங்கே ஒன்றை வலியுறுத்த வேண்டும். வகுப்பில் செய்துகாட்டக்கூடிய பரிசோதனையைக் காணொளியில் காட்டிவிட்டு நகர்வது சோம்பல். இலையில் மாப்பொருள் இருப்பதை அயடீன் கரைசலால் சோதிப்பதற்கு ஒரு செம்பரத்தை இலையும் சிறிதளவு அற்ககோலும் வெந்நீரும் போதும். அது பிள்ளைகளின் கையால் நடைபெற வேண்டிய வேலை. அதற்குக் காணொளி பயன்பட வேண்டுமானால் முந்திய நாள் ஆயத்தமாகப் பயன்படலாம்: அற்ககோல் உள்ள குழாயைச் சுவாலையில் நேரே பிடிக்காமல் வெந்நீருக்குள் வைத்துச் சூடாக்குவது ஏன் என்று ஒரு நிறுத்தத்தில் கேட்டு வைத்தால், அடுத்த நாள் ஆய்வுகூடத்தில் விபத்துக்கு இடமிராது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டெப் கணினி இல்லாமல் இதெல்லாம் முடியுமா என்று அதிபர்களும் பெற்றோரும் கேட்பார்கள். முடியும். வகுப்புக்கு ஒரு திரையும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு துண்டுக் கடதாசியும் இருந்தால் போதும். படம் நின்றதும் எல்லோரும் விடையை எழுதிக் கவிழ்த்து வைக்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசுகிறார்கள், விரும்பினால் விடையை மாற்றுகிறார்கள், பிறகு உயர்த்திக் காட்டுகிறார்கள். ஹார்வர்டில் பௌதிகவியல் கற்பித்த எரிக் மசூர் 1990களில் பரவலாக்கிய சகபாடிக் கற்பித்தல் முறையின் சாரம் இதுதான். எண்ணிக்கையைப் பதிந்து வைக்க விரும்பும் ஆசிரியருக்குப் பிளிக்கர்ஸ் என்ற செயலி இருக்கிறது. பிள்ளைகள் அச்சிட்ட அட்டைகளைத் தம் விடைக்கேற்ப வெவ்வேறு பக்கமாகத் திருப்பிப் பிடிப்பார்கள். ஆசிரியர் தம் கைபேசியின் கமராவை வகுப்பின் மேல் ஒருமுறை ஓட விட்டால் எல்லோருடைய விடைகளும் பதிவாகிவிடும். பிள்ளைகளின் கையில் கைபேசி வேண்டியதில்லை. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் கையுயர்த்திப் பேசமாட்டார்கள், ஆனால் அட்டையைத் திருப்பிப் பிடிப்பார்கள். பின்வாங்கில் இருக்கும் பிள்ளையின் எண்ணம் ஆசிரியருக்குத் தெரியவருவதே இந்த முறையின் பெரும் பயன் என்று நான் கருதுகிறேன்.

அடுத்ததாக, தமிழ்மொழிமூல ஆசிரியர்களுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். விஞ்ஞானத்துக்கு நல்ல தமிழ்க் காணொளிகள் இணையத்தில் நிறைய உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. எமது பிள்ளைகள் ஒளித்தொகுப்பு என்று படிப்பதை அங்கே ஒளிச்சேர்க்கை என்கிறார்கள். எமது கலம் அங்கே செல், எமது ஆர்முடுகல் அங்கே முடுக்கம், எமது பிரசாரணம் அங்கே சவ்வூடுபரவல். இரண்டும் நல்ல தமிழே. ஆனால் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை வினாத்தாள் எமது பாடநூலின் சொற்களிலேயே வருகிறது. ஏற்கெனவே தடுமாறும் பிள்ளை ஒரே பொருளுக்கு இரண்டு பெயரைக் கேட்டு இரண்டு வெவ்வேறு பொருள் என்று எண்ணிக்கொள்கிறது. காணொளியின் மேல் உரிய விநாடியில் எமது சொல்லைக் குறிப்பாகத் தோன்றச் செய்யும் வசதி இந்தக் கருவிகளில் இருப்பது ஓரளவு ஆறுதல். ஆனால் அது ஒட்டுப்போடும் வேலையே தவிர நிரந்தரத் தீர்வு அன்று. எமது பாடநூலையும் எமது ஆசிரியர் வழிகாட்டியையும் ஒட்டி, எமது ஆசிரியர்களே குறுங்காணொளிகளைத் தயாரிப்பதுதான் வழி.

மேலே குறிப்பிட்ட 2014 ஆம் ஆண்டு ஆய்வு முடிவு இங்கேதான் துணை நிற்கிறது. கலையகமும் ஒளிவிளக்குகளும் தேவையில்லை. ஒரு கைபேசி, அதைத் தாங்கி நிறுத்த ஒரு முக்காலி, வெளிச்சமான வகுப்பறை, பாடத்தை நன்கு தெரிந்த ஆசிரியர், இவை போதும். ஆறு நிமிடத்துக்குள் ஒரு கருத்து. நாமே எடுத்த காணொளி என்பதால் பதிப்புரிமைத் தொல்லை இராது. அயற்பாடசாலைகளோடு தயக்கமின்றிப் பகிரலாம். இணையமும் ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. லூமி என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொண்டால், எச்5பி பாடங்களைக் கணினியிலேயே தயாரித்து, காணொளியும் கேள்விகளும் சேர்ந்த ஒரே கோப்பாகச் சேமிக்கலாம். அதைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று, இணைய இணைப்பில்லாத வகுப்பறையிலும் சாதாரண இணைய உலாவியில் திறந்து காட்டலாம். யூடியூப் இணைப்பைப் பொருத்திச் செய்த பாடத்துக்கு இணையம் வேண்டியிருக்கும், காணொளிக் கோப்பையே சேர்த்துச் செய்த பாடத்துக்கு வேண்டாம் என்ற இந்த ஒரு வேறுபாடு தெரியாததாலேயே ஆசிரியர்கள் சிலர் ஒருமுறை முயன்றுவிட்டுக் கைவிடுகிறார்கள்.

வீட்டுவேலையாக ஊடாடும் காணொளியைக் கொடுப்பது பற்றி எனக்கு ஆழ்ந்த தயக்கம் உண்டு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது என்ன நடந்தது என்பது கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, முகத்துவாரம் பகுதி ஆசிரியர் எவருக்கும் மறக்காது. தொடர்மாடி வீடொன்றில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைபேசி, அதுவும் தந்தை வேலையால் திரும்பிய பின்னர்தான். டேட்டா முடிந்தால் அடுத்த மீள்நிரப்பு வரை பாடமில்லை. வட்ஸ்அப்பில் வந்த குறிப்புகளைச் சிறு திரையில் பெரிதாக்கிப் பார்த்து எழுதிய பிள்ளைகள் எத்தனையோ பேர். 2022 இல் பல மணிநேர மின்வெட்டும் எரிபொருள் தட்டுப்பாடும் வந்து மீண்டும் இணையவழி வகுப்பு என்றானபோது அதே பிள்ளைகளே மீண்டும் பின்தங்கினார்கள். எனவே இந்தக் கருவி பாடசாலைச் சுவருக்குள், ஆசிரியர் முன்னிலையில், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே திரையில் கிடைக்க வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மீண்டும் பார்க்க விரும்பினால் பார்க்கட்டும். அதற்குப் புள்ளி வழங்குவதும், பார்க்காத பிள்ளையைக் கண்டிப்பதும் கூடாது.

புள்ளி என்றதும் இன்னொரு கவலையும் எழுகிறது. இத்தகைய சேவைகள் பிள்ளையின் பெயரையும் விடைகளையும் பார்த்த நேரத்தையும் வெளிநாட்டுக் கணினிகளில் பதிந்து வைக்கின்றன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் தொடர்பான தரவைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. பெற்றோரின் அறிவும் சம்மதமும் இல்லாமல் வகுப்புப் பெயர்ப்பட்டியலை அப்படியே ஒரு தளத்தில் ஏற்றிவிடும் வழக்கத்தைப் பாடசாலைகள் தவிர்க்க வேண்டும். முழுப்பெயருக்குப் பதிலாக இலக்கங்களைக் கொடுத்தாலே பெரும்பாலான தேவைகள் நிறைவேறும்.

கேள்விகளின் தரத்தையும் சொல்லாமல் விட முடியாது. கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும், சற்று முன் காணொளியில் சொல்லப்பட்ட வசனத்தையே திருப்பிக் கேட்கும் கேள்விகளால் எதுவும் விளையாது. பிள்ளை சொல்லைப் பிடித்துக்கொள்ளும், பொருளைப் பிடித்துக்கொள்ளாது. நிமிடத்துக்கொரு கேள்வி வைத்தாலும் பாடத்தின் இழை அறுந்துபோகும். ஆறு நிமிடத்தில் மூன்று நிறுத்தங்களுக்கு மேல் வைக்க நான் விரும்புவதில்லை. அவற்றில் ஒன்றாவது, இனி என்ன நடக்கும் என்று ஊகிக்கச் சொல்வதாக இருக்க வேண்டும். எமது நகரத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே மண்டபத்தில் அமர்ந்து திரையில் ஆசிரியரைப் பார்க்கும் பிரத்தியேக வகுப்புகளுக்குப் பிள்ளைகள் பழகிப்போய்விட்டார்கள். அங்கே யாரும் நின்று, உனக்கு விளங்கியதா என்று கேட்பதில்லை. பாடசாலையின் திரையும் அதே போல ஒருவழிப் பேச்சாக மாறுமானால், அதை வாங்கியதில் பொருளில்லை.

ஆகவே உரியவர்களிடம் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். திரை வாங்கித் தரும் சங்கங்கள், சேர்த்த பணத்தில் ஒரு பங்கை ஆசிரியர் பயிற்சிக்கும் பாடத் தயாரிப்புக்கும் ஒதுக்க வேண்டும். பெயர்ப்பலகையில் பொறிக்க முடியாத செலவு என்பதால் அது விடுபட்டுப்போகக் கூடாது. கொழும்பு மாவட்டத்தின் வலயக் கல்வி அலுவலகங்கள், ஒரே பாடத்தைத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர்கள் தவணைக்கு ஒரு முறையாவது கூடிக் குறுங்காணொளிகளையும் அவற்றுக்கான கேள்விகளையும் சேர்ந்து தயாரிக்க ஒழுங்கு செய்ய வேண்டும். அதற்கான நேரம் ஆசிரியரின் இரவுத் தூக்கத்திலிருந்து எடுக்கப்படாமல் நேரசூசியிலேயே ஒதுக்கப்பட வேண்டும். முதலாவது பாடத்தைச் செய்து முடிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் செலவாகும். எட்டுப் பேர் ஆளுக்கொன்றைச் செய்தால் ஓர் அலகு முழுவதும் எட்டுப் பாடசாலைகளுக்கும் கிடைக்கும். சொற்களும் கருத்துகளும் பாடநூலோடு ஒத்துப்போகின்றனவா என்பதைத் தமிழ்மொழிமூல ஆசிரிய ஆலோசகர்கள் பார்த்துக்கொடுக்கலாம். மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம், தன் ஆசிரியர் வழிகாட்டிகளோடு இத்தகைய பாடங்களையும் சேர்த்து வெளியிடுவதைப் பரிசீலிக்க வேண்டும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற இணையவழிக் கற்றல் தளம் மும்மொழியிலும் இயங்குவதால், தயாரான பாடங்களைச் சேமித்து வைக்கப் புதிதாக ஓர் இடம் தேட வேண்டியதில்லை.

இது எமது சக்திக்கு அப்பாற்பட்டது என்று யாரும் சொல்லக் கூடாது. 2005 இல் தன்னார்வலர்கள் சிலர் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்து, இன்று எவரும் கட்டணமின்றி வாசிக்கக்கூடிய பெரும் சேகரமாக வளர்ந்திருக்கிறது. அவ்வளவு பெரிய வேலையைப் பொறுமையோடு செய்துவரும் சமூகத்தில், தரம் 6 முதல் 11 வரையான விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் குறுங்காணொளிகளைத் தயாரிக்க ஆட்கள் இல்லாமற் போகமாட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் கொழும்பிலேயே வசிக்கிறார்கள். எந்த இடத்தில் பிள்ளை தடுமாறும், எந்த இடத்தில் படத்தை நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்கு எங்களை விட நன்றாகத் தெரியும். கணினி இயக்கத் தெரிந்த உயர்தர மாணவர் ஒருவரை அவர்களோடு இணைத்துவிட்டால் வேலை தொடங்கிவிடும். எந்தப் பாடசாலையாவது, எந்தப் பழைய மாணவர் சங்கமாவது அடுத்த தவணை விடுமுறையில் இதற்கு ஓர் அறையைத் திறந்துவிடுமானால், நானும் என்னோடு கற்பிக்கும் சிலரும் வந்து உழைக்க ஆயத்தமாக இருக்கிறோம். இக்கடிதத்தை வெளியிட்டு, அத்தகைய முன்வருகைகளைத் தங்கள் பத்திரிகை வழியாகவே எமக்குத் தெரியப்படுத்துமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.